குட்டி பால் பைதான் சாப்பிடவில்லையா? அறிகுறியைப் பார்த்து வழி தேடுங்கள்

புதிதாக வந்த குட்டிப் பாம்பு 12 நாளாக எதையும் தொடவில்லை என்று மதுரையில் இருக்கும் அம்மாவிடம் வீடியோ காலில் புலம்பினேன். "பால் ஊத்திப் பாத்தியாடா?" என்றார். பால் பைதான் என்ற பெயரும் சேர்ந்து அவரைக் குழப்பியிருக்கிறது. இந்தப் பால் பசும்பால் இல்லை, பந்து. பயம் வந்தால் தலையை நடுவில் புதைத்துக்கொண்டு பந்தாகச் சுருண்டுவிடும் என்பதால் வந்த பெயர். குடிக்கக் கிண்ணத்தில் நல்ல தண்ணீர் இருந்தால் போதும்.

ஆனால் அம்மா சொன்னதில் பாதி சரி. ஊற்றுகிற பால்தான் தப்பு, ஊற்றுகிற இடம் தப்பில்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் கானா, டோகோ, பெனின் பக்கம் இந்தப் பாம்பு பகலெல்லாம் எலி வளையிலும் கறையான் புற்றிலும் முடங்கிக் கிடக்கும், இருட்டிய பிறகுதான் வெளியே வரும். உடம்பு நாலு பக்கமும் உரசுகிற இருட்டுப் பொந்துதான் அதற்கு வீடு. கண்ணாடித் தொட்டி, பளிச்சென்ற விளக்கு, மணிக்கொரு தடவை எட்டிப் பார்க்கும் முகம், இதெல்லாம் அதற்குப் பருந்து சுற்றும் பொட்டல் வெளி மாதிரி. பொட்டலில் நிற்கிறவனுக்கு இலை போட்டால் உட்கார்ந்து சாப்பிடுவானா? முதலில் புற்று, அப்புறம்தான் சாப்பாடு. கீழே எந்த அறிகுறியைச் சொன்னாலும் நான் சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து நிற்பேன்.

(பெனினில் உய்டா என்ற ஊரில் இந்தப் பாம்புக்குக் கோயிலே இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் அம்மாவுக்கு மனம் ஆறியது. இப்போது அதன் நலம் விசாரித்த பிறகுதான் என் நலம்.)

எதற்கும் முன்னால் நாலு அளவுகள்

குட்டி சாப்பிடாததற்குக் காரணம் குட்டியிடம் இருப்பதைவிடத் தொட்டியிடம் இருப்பதே அதிகம். ஒட்டும் முள் மீட்டர்களை நம்பாதீர்கள், டிஜிட்டல் மீட்டர் வாங்குங்கள். சூடான பக்கத்தில், பாம்பு படுக்கும் தரையில், 31 முதல் 33 டிகிரி செல்சியஸ். குளிர்ந்த பக்கம் 25 முதல் 27. இரவிலும் 24-க்குக் கீழே போகக் கூடாது. ஈரப்பதம் 60 முதல் 70 சதவீதம்.

தொட்டிக்கு அடியில் போடும் ஹீட் மேட்டோ (சூடாக்கும் விரிப்பு) விளக்கோ, எதுவானாலும் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் போடவே கூடாது. இதில் நான் சூடுபட்டவன், அதாவது பாம்புக்குச் சூடு வைக்க இருந்தவன். தெர்மோஸ்டாட்டின் உணர்முனையை டேப் போட்டு ஒட்டியிருந்தேன். டேப் கழன்று முனை காற்றில் தொங்க, அது "இன்னும் குளிர்கிறது" என்று மேட்டை ஓட்டிக்கொண்டே இருந்தது. தரையில் அளந்தபோது 41 டிகிரி. குட்டி குளிர்ந்த மூலையில் ஒட்டிக்கொண்டு கிடந்ததை நான் கூச்சம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இங்கே டொராண்டோவில் இன்னொரு தொல்லை, குளிர்காலம். வீட்டு ஹீட்டர் ஓட ஆரம்பித்ததும் அறைக் காற்று அப்பளமாகக் காய்ந்துவிடும். வலை மூடி போட்ட தொட்டியில் எவ்வளவு தண்ணீர் தெளித்தாலும் ஒரு மணி நேரத்தில் பழைய கதைதான். மூடியின் பெரும்பகுதியை அலுமினியத் தாளால் மூடிவிட்டு, காற்றுக்குக் கொஞ்சம் இடம் விடுங்கள். விளக்கு மேலே இருந்தால் அதன் அருகில் தாள் வேண்டாம். தரையில் தேங்காய் நார்த் துண்டுகளைக் கனமாகப் போட்டு, மூலைகளில் தண்ணீர் ஊற்றுங்கள். மேல் பரப்பு காய்ந்திருக்க, அடியில் ஈரம் நிற்க வேண்டும். தேவதாரு, பைன் மரத்தூள் வேண்டாம், அந்த வாசனை எண்ணெய் ஊர்வனவற்றுக்கு ஆகாது.

பொந்து இரண்டு வேண்டும், சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. ஒன்றே ஒன்று வைத்தால் பாம்பு சூட்டுக்கும் பாதுகாப்புக்கும் நடுவில் எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டிவரும். பெரும்பாலும் சூட்டைத்தான் விடும், அப்புறம் செரிமானம் கெடும். கடையில் விற்கும் அழகான குகைகள் குட்டிக்குக் கல்யாண மண்டபம் மாதிரி. கவிழ்த்து வைத்த சின்ன பிளாஸ்டிக் கிண்ணத்தில் ஒரு வாசல் வெட்டினால் அதுவே மேல். சுருண்டு படுத்தால் முதுகு கூரையைத் தொட வேண்டும். மிச்ச இடத்தைப் பிளாஸ்டிக் இலை, அட்டைச் சுருள், மரப்பட்டை என்று அடைத்துவிடுங்கள். தொட்டியின் மூன்று பக்கக் கண்ணாடிக்கும் வெளியே கருப்புத் தாள் ஒட்டுங்கள்.

"வந்து நாலு நாள் ஆகிறது, இன்னும் சாப்பிடவில்லை"

இது பிரச்சினையே இல்லை. முதல் ஏழு நாள் உணவு கொடுக்கவே வேண்டாம், கையிலும் எடுக்க வேண்டாம். தண்ணீர் மாற்றுவது, கழிவு இருந்தால் எடுப்பது, அவ்வளவுதான். பார்க்க வந்த நண்பர்களுக்குப் படத்தைக் காட்டுங்கள்.

இந்த ஏழு நாளில் உருப்படியாகச் செய்ய ஒரு வேலை உண்டு. விற்றவரிடம் கேளுங்கள்: எத்தனை முறை சாப்பிட்டிருக்கிறது, கடைசியாக எந்தத் தேதி, சுண்டெலியா பெரிய எலிக் குட்டியா, உயிரோடு கொடுத்தாரா உறைய வைத்ததா, அன்றைக்கு எடை என்ன? முட்டையிலிருந்து வந்து ஒரு வாரம், பத்து நாளில் முதல் சட்டையை உரித்த பிறகுதான் குட்டிகள் சாப்பிடத் தொடங்கும். மூன்று, நாலு தடவையாவது தானாகச் சாப்பிட்ட பிறகு விற்பதுதான் முறை. "நல்லாச் சாப்பிடும்" என்று மட்டும் சொல்லித் தேதி சொல்லாதவரிடம் நான் வாங்க மாட்டேன்.

இந்தியாவில் இருந்து படிப்பவர்கள் இதோடு காகிதத்தையும் கேட்க வேண்டும். நம்மூர் மலைப்பாம்பை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். பால் பைதான் வெளிநாட்டு இனம்தான், ஆனாலும் காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2022-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அதை வைத்திருப்பவர் அரசின் பரிவேஷ் இணையதளம் வழியாகப் பதிய வேண்டும். சென்னை விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிக்குள் பிடிபட்ட குட்டிகளைப் பற்றிச் செய்திகளில் படித்திருப்பீர்கள். பெட்டிக்குள் திணித்துக் கொண்டுவந்த குட்டி சாப்பிட மறுப்பதில் என்ன ஆச்சரியம்?

"எலியைக் கண்டதும் தலையை இழுத்துக்கொள்கிறது, பந்தாகிவிடுகிறது"

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். நானும்தான். பாம்பு "பசியில்லை" என்று சொல்லவில்லை, "பயமாக இருக்கிறது" என்கிறது. இடுக்கியில் தொங்கும் ஈரமான செத்த எலி மேலிருந்து முகத்தை நோக்கி வந்தால் அது இரையாகத் தெரியாது, தாக்குதலாகத் தெரியும். அந்த நேரத்தில் எலியை ஆட்டிக்கொண்டே பின்தொடர்ந்தால் அடுத்த தடவை இடுக்கியைப் பார்த்தாலே சுருண்டுகொள்ளும்.

என் முறை இது. எலியை முதல் நாள் இரவே ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், மூடிய டப்பாவில் வைப்பேன். மறுநாள் மாலை அதை ஜிப் பையில் போட்டு, கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் சில நிமிடம் வைப்பேன். பைக்குள் தண்ணீர் போகக் கூடாது, நனைந்த எலிக்கு வாசனையும் சூடும் சீக்கிரம் போய்விடும். மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம். ஒரு இடம் வெந்து ஒரு இடம் உறைந்து நிற்கும், வயிறு வெடித்தால் நாற்றம் தாங்காது, வீட்டில் அந்தப் பெட்டியைப் புதிதாக வாங்கச் சொல்வார்கள். கடைசியாகத் தலைப்பகுதியை மட்டும் ஹேர் ட்ரையரில் ஒரு நிமிடம் காட்டி, டெம்பரேச்சர் கன்னில் 38 முதல் 40 டிகிரி வந்ததும் எடுத்துக்கொண்டு ஓடுவேன். இந்தப் பாம்பின் மேலுதட்டில் வரிசையாகச் சின்னக் குழிகள் இருக்கும். அவை வெப்பத்தை உணரும் உறுப்புகள். சில்லென்ற எலி அதற்குக் கல் மாதிரி.

நேரம், இருட்டி ஒரு மணி நேரம் கழித்து. அறை விளக்கை அணைத்து, வராந்தா வெளிச்சம் மட்டும். பாம்பு பொந்துக்குள்ளிருந்து மூக்கை மட்டும் நீட்டிக் காத்திருந்தால் அதுதான் நல்ல நேரம், அதை வெளியே எடுக்காதீர்கள். நீளமான இடுக்கியில் எலியின் இடுப்பைப் பிடித்து, தலை முன்னால் வர, வாசலுக்குக் குறுக்கே தரையோடு நகர்த்துங்கள். நின்று, கொஞ்சம் நகர்ந்து, மறுபடி நிற்கட்டும். நாக்கு நீட்டுவது வேகமானால், கழுத்து மெல்ல எஸ் வளைவானால், கையை அசைக்காமல் இருங்கள். பத்து நிமிடத்தில் ஒன்றும் நடக்காவிட்டால் எலியைப் பொந்தின் வாசலில் ஒரு தட்டையான மூடிமேல் வைத்துவிட்டு, விளக்கணைத்து, கதவைச் சாத்திப் படுக்கப் போங்கள். பல குட்டிகள் ஆள் போன பிறகுதான் சாப்பிடும். காலையில் அப்படியே கிடந்தால் எறிந்துவிடுங்கள், திரும்ப உறைய வைக்க வேண்டாம்.

அடுத்த முயற்சி ஆறு, ஏழு நாள் கழித்துத்தான். தினமும் கொடுத்துப் பார்ப்பது அக்கறை மாதிரி தெரியும், பாம்புக்குத் தினமும் ஒரு கலவரம்.

இரையின் அளவும் பயமுறுத்தும். குட்டியின் எடையில் 10 முதல் 15 சதவீதம், உடம்பின் பருத்த இடத்தைவிடப் பருமனில்லாதது. எங்கள் வீட்டுக் குட்டி, பெயர் அதிரசம், நிறத்தையும் வட்டத்தையும் பார்த்து வைத்தது, வந்த அன்று 68 கிராம். அதற்கு 7 முதல் 10 கிராம் சுண்டெலிக் குட்டி. கடையில் ஹாப்பர் என்று கேட்டால் கிடைக்கும். "வளரட்டுமே" என்று நான் முதலில் கொண்டுவந்தது 18 கிராம்.

"கொத்துகிறது, ஆனால் உடனே விட்டுவிடுகிறது"

கொத்துவதில் இரண்டு வகை. கொத்தியதும் உடம்பை எலிமேல் சுற்றினால் பசி. கொத்திவிட்டுப் பின்வாங்கி, சீறி, மறுபடி எஸ் வளைவில் நின்றால் விரட்டல். விரட்டல் என்றால் மேலே சொன்ன பொந்துக் கதைக்குத் திரும்பிப் போங்கள்.

சுற்றிய பிறகு விட்டுவிட்டால் பெரும்பாலும் நம் தப்பு. உற்சாகத்தில் நாம் அசைந்திருப்போம், போனை எடுத்திருப்போம், அல்லது எலி ஆறிப்போயிருக்கும். கொத்தியதும் இடுக்கியை மெல்ல விட்டுவிட்டு, ஒரு நிமிடம் சிலையாக நின்று, அப்புறம் பூனை மாதிரி வெளியேறுங்கள்.

சில குட்டிகள் குறி தவறிக் கொத்தும். தலை ஆடுகிறது, திருகுகிறது என்றால் அது ஸ்பைடர் என்ற நிற வகையா என்று கேட்டுப் பாருங்கள். அந்த மரபணுவோடு தலையாட்டமும் சேர்ந்தே வரும், திருத்த முடியாது. அவற்றுக்கு எலியைத் தரையில் அசையாமல் வைத்துக் கொடுப்பது எளிது.

"முகர்கிறது, பின்னாலேயே வருகிறது, வாயைத்தான் திறக்கவில்லை"

பசி இருக்கிறது, ஆனால் "இது சாப்பாடு" என்று அதற்குப் புரியவில்லை. இதுவரை உயிருள்ள சுண்டெலி சாப்பிட்டு வந்த குட்டிக்கு உறைந்த பெரிய எலிக் குட்டி வேறு பிராணி. முதலில் பழகிய இனத்தையே கொடுங்கள். பிறகு வாசனை. சுண்டெலிக் கூண்டில் கிடந்த பழைய மரத்தூளை ஒரு பிடி வாங்கி வந்து, எலியோடு ஒரே பையில் போட்டுக் குலுக்குங்கள். கோழிக்குஞ்சின் இறகில் எலியைத் தேய்த்துக் கொடுப்பதும் சில குட்டிகளிடம் எடுபடும். நைஜீரியாவில் காட்டுப் பாம்புகளை ஆராய்ந்தபோது 70 சென்டிமீட்டருக்குக் குறைவானவை பெரும்பாலும் சின்னப் பறவைகளையே பிடித்திருந்தன. அதனால் குட்டிக்கு இறகு வாசனை பிடிப்பதில் வியப்பில்லை. எலியின் மண்டையோட்டில் ஊசியால் ஒரு துளை போட்டு மூளைக் கசிவைக் காட்டுவது இன்னொரு வழி. கேட்க அருவருப்புதான், ஆனால் வேலை செய்கிறது.

இதுவும் போகாவிட்டால் டப்பா வைத்தியம். காற்றுத் துளை போட்ட, தயிர் டப்பா அளவுள்ள சின்னப் பெட்டியில் ஒரு டிஷ்யூ விரித்து, சூடேற்றிய எலியையும் குட்டியையும் சேர்த்து வைத்து மூடி, தொட்டியின் மிதமான சூட்டுப் பக்கத்தில், ஹீட் மேட்டின் நேர் மேலே வராமல், இரவு முழுக்க விட்டுவிடுங்கள். விலகிப்போக இடமில்லை, வெளிச்சமில்லை, வாசனை மூக்கருகிலேயே. அதிரசம் 19-ஆம் நாள் சாப்பிட்டது இப்படித்தான். காலையில் டப்பாவைத் திறந்தபோது எலி இல்லை, நடுவில் ஒரு புடைப்பு மட்டும்.

உயிருள்ள இரையை நான் கடைசிக்குத் தள்ளி வைப்பேன். கடிக்கத் தெரிந்த எலியைப் பாம்போடு விட்டுவிட்டுப் போனால் பாம்புதான் காயப்படும். வேறு வழியே இல்லை என்றால் கண் திறக்காத குட்டி மட்டும், அதுவும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து.

"கண் வெளுத்துப் பால் போல இருக்கிறது"

மறுபடியும் பால். சட்டை உரிக்கப் போகிறது. நிறம் மங்கும், வயிறு இளஞ்சிவப்பாகும், கண்ணில் நீலச் சாயம் ஏறும். ஒன்றிரண்டு வாரத்துக்குப் பசி இருக்காது, உணவு கொடுக்கவே வேண்டாம். ஈரப்பதத்தை 70-க்கு மேல் கொண்டுபோங்கள். உரித்த மறுநாள் கொடுத்தால் பெரும்பாலும் பாய்ந்து வாங்கும். சட்டை துண்டு துண்டாக வந்தால் காற்று காய்ந்திருக்கிறது என்று பொருள். கண்மேல் ஒட்டிய படலத்தை நகத்தால் பிய்க்காதீர்கள், கண் போய்விடும். ஈரப் பாசி வைத்த டப்பா ஒன்றைப் பொந்தாக வையுங்கள்.

"தண்ணீர்க் கிண்ணத்திலேயே கிடக்கிறது"

முதலில் சூட்டை அளந்து பாருங்கள், அப்புறம் ஈரப்பதத்தை. இரண்டும் சரியென்றால் வெள்ளைக் கிண்ணத்தில் தண்ணீரை மாற்றி மறுநாள் அடியில் பாருங்கள். மிளகுத்தூள் தூவியது போல் கருப்புப் புள்ளிகள் இருந்தால் உண்ணி. கண்ணோரத்திலும் தாடைக்கு அடியிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். தரையில் போட்டதையெல்லாம் எறிந்துவிட்டு வெறும் காகிதத் துண்டு விரியுங்கள், மருந்தை மருத்துவரிடம் கேளுங்கள். நாய்க்கு வாங்கி வைத்த மருந்தை உத்தேசமாகத் தடவ வேண்டாம், 68 கிராம் உயிர் அது.

"இரவெல்லாம் சுற்றுகிறது, கண்ணாடியை முட்டுகிறது"

இரவில் சுற்றுவது நல்ல செய்தி, இரை தேடுகிறது. பகலிலும் நிற்காமல் சுற்றி மூக்கைத் தேய்த்தால் சூடு அதிகம், அல்லது பொந்து சரியில்லை.

"விழுங்கியதைக் கக்கிவிட்டது"

பெரும்பாலும் மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும்: இரை பெரிது, சூடு போதவில்லை, சாப்பிட்ட 48 மணி நேரத்துக்குள் யாரோ கையில் எடுத்திருக்கிறார்கள். "பாவம், வயிறு காலி" என்று மறுநாளே கொடுக்காதீர்கள். அமிலம் தொண்டையைப் புண்ணாக்கியிருக்கும். பத்து, பதினான்கு நாள் சும்மா விட்டு, பிறகு வழக்கமான அளவில் பாதி. இரண்டாவது முறையும் கக்கினால் மருத்துவர்.

காத்திருக்கக் கூடாதவை

வாயைத் திறந்து மூச்சு விடுவது, மூக்கிலோ வாயிலோ நுரை, மூச்சில் விசில் சத்தம், தலையை மேலே தூக்கி வானம் பார்த்தபடி நிற்பது, உடம்பு துவண்டு போவது. இவற்றுக்கு வீட்டு வைத்தியம் கிடையாது. ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் அன்றே போங்கள். பாம்பு வாங்கும் முன்பே அப்படி ஒருவர் பக்கத்தில் இருக்கிறாரா என்று தேடி வைத்திருந்தால் நல்லது.

"வாரங்கள் ஓடுகின்றன"

சமையலறைத் தராசில் வாரம் ஒரு தடவை, டப்பாவோடு எடை பாருங்கள். நாட்களை எண்ணுவதைவிடக் கிராமை எண்ணுங்கள். வளர்ந்த பாம்பு மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும், ஒன்றும் ஆகாது. குட்டிக்கு அவ்வளவு சேமிப்பில்லை. எடை அப்படியே நின்று, தோல் இறுக்கமாக இருந்தால் மூன்று, நாலு வாரம்கூடப் பொறுக்கலாம். பத்தில் ஒரு பங்கு குறைந்தால், எங்கள் குட்டிக்கு அது 61 கிராம், அல்லது முதுகெலும்பு மேடாகத் தெரிய ஆரம்பித்தால், மருத்துவரிடம் போகும் நேரம். வாயைத் திறந்து திணிப்பதை வீடியோ பார்த்துச் செய்ய வேண்டாம். பக்கத்தில் கை பழகிய ஒருவர் இருந்து காட்டிக்கொடுத்தால் மட்டும்.

அதிரசம் அந்த 19 நாளில் இழந்தது 3 கிராம். நான் இழந்த தூக்கம் அதைவிட அதிகம். செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சி சாலையில் 60 வயது தாண்டிய பால் பைதான் ஒன்று 2020-ல் முட்டையிட்டது. வீட்டில் வைத்தாலே 20, 30 வருடம் சாதாரணமாக இருக்கும்.

முதல் சாப்பாடு உள்ளே போனதும் கொண்டாட்டத்துக்காகக் கையில் எடுக்காதீர்கள். இரண்டு முழு நாள் தொடவே வேண்டாம். ஏழாம் நாள் அதே அளவு, அதே இனம், அதே நேரம், அதே டப்பா. மூன்று முறை தொடர்ந்து சாப்பிட்ட பிறகு டப்பாவை எடுத்துவிட்டுப் பொந்து வாசலில் கொடுத்துப் பாருங்கள். கையில் எடுத்துப் பழக்குவது அதற்கும் பிறகு, முதலில் ஐந்து நிமிடம். தொடும் முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். முன்னால் கழுவுவது எலி வாசனை போக, பின்னால் கழுவுவது பாம்பின் உடம்பிலிருந்து ஒட்டக்கூடிய சால்மொனெல்லா கிருமிக்காக.